கௌதாரி டீச்சருக்கு வந்த காய்ச்சல்

ஒரு காட்டில், ஆற்றோரமாக, ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே பிளஸ் டூ கணக்கு குரூப்பில் பதினோரு பிள்ளைகள். பாடம் எடுத்தவர் கௌதாரி டீச்சர். ஒன்பது விதமாகச் சொல்லியும் புரியவில்லை என்றால், மறுநாள் பத்தாவது விதத்தோடு வந்து நிற்பார்.

பிள்ளைகளில் ஒருத்தி அம்சா என்கிற ஆமை. வருஷா வருஷம் ஆறு பெருகி, அவள் அம்மா இட்ட முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். படித்து வந்து அந்த ஆற்றுக்கு ஒரு நல்ல கரை கட்டிவிட வேண்டும் என்று அம்சாவுக்கு வைராக்கியம். அதற்குக் கணக்கில் தேற வேண்டும். அவளோ இன்டெக்ரேஷன் என்கிற தொகையிடலில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

"டீச்சர், எல்லாம் போட்டு முடிச்ச பிறகு கடைசியில கூட்டல் 'சி'ன்னு ஒண்ணு எழுதுறோமே, அது எங்கேருந்து வருது?"

"இப்படி வா, சொல்றேன்" என்று டீச்சர் சாக்பீஸை எடுத்தார். ஹெச்.எம். எருமை ஐயா வாசலில் வந்து நின்றார்.

"போன வருஷம் கணக்குல நாலு பேர்தான் பாஸ். மேலிடத்துல கோவமா இருக்காங்க. உங்களுக்குப் பயிற்சி போட்டிருக்கு, கிளம்புங்க."

"என்ன பயிற்சி ஐயா?"

"பிள்ளைங்க சந்தேகத்தை எப்படித் தீர்க்கிறதுன்னு."

"அதைத்தான் ஐயா இப்ப..."

"அதெல்லாம் பயிற்சிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் ஒரு நாரை. நல்ல மனசுதான், பாவம். ஒரு நாளும் வகுப்பெடுத்ததில்லை. முதல் நாள் எல்லா ஆசிரியர்களையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். "கவனம் கூடும்" என்றார். அறிவியல் எடுக்கிற முயல் இரண்டு தடவை குப்புற விழுந்தார். மறுநாள் சார்ட் பேப்பரில் ஒரு சூரியனை வரைந்து, மஞ்சள் அடித்து, 'நானே ஒளி' என்று எழுதினார்கள். பதினோரு மணிக்கு டீயும் வடையும். வடையைக் குறை சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

ஐந்து நாள் கழித்து டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். பின்னாலேயே நாரையும் ஒரு படிவத்தோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். அம்சா அதே கேள்வியைக் கேட்டாள். டீச்சர் வாயைத் திறந்ததும் நாரை தொண்டையைச் செருமினார்.

"பதில் சொல்லப்படாது டீச்சர்! 'அருமையான கேள்வி'ன்னு பாராட்டி, சீட்டுல எழுதி, சுவத்துல ஒட்டணும். அஞ்சாவது கட்டத்தைப் பாருங்க."

ஒட்டினார்கள். தை பிறப்பதற்குள் சுவரெல்லாம் கேள்வி. டீச்சருக்கு இரண்டாம் கட்டப் பயிற்சி, மூன்றாம் கட்டப் பயிற்சி, அப்புறம் பயிற்சியால் என்ன பயன் என்று ஒரு பயிற்சி.

பரீட்சை நெருங்கியது. ஹெச்.எம். அம்சாவின் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வருஷம் உங்க பொண்ணு பரீட்சை எழுத வேண்டாம்மா. எழுதலேன்னா ஃபெயிலாக மாட்டா. பள்ளிக்கூடத்துக்கும் நல்லது."

"வருஷத்துக்கு நூறு பிள்ளையை ஆத்துக்குக் கொடுக்கிறவ ஐயா நான். தப்பிப் பிழைச்ச ஒருத்தியையும் நீங்களே தள்ளிவிடுறீங்களே!"

எருமை ஐயா வாலை மட்டும் ஆட்டினார். ஜன்னலோரம் நின்று கேட்ட கௌதாரி டீச்சர் நேரே உடும்பு வைத்தியரிடம் போனார்.

"என்ன பண்ணுது?"

"பயிற்சி, டாக்டர்."

"இந்த வாரத்துல நீங்க ஏழாவது ஆள்" என்று சொல்லி, விஷக் காய்ச்சல், பதினைந்து நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்.

டீச்சரைப் பார்க்கப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக அவர் குடியிருந்த புதருக்கு வந்தார்கள். "இந்தப் பச்சிலைக் கஷாயம் வேணுமா டீச்சர்?" என்றது ஒரு கீரி. "அதை அப்படி வை, பேனாவை எடு" என்றார் டீச்சர்.

அம்சாவைக் கிட்டே உட்கார வைத்தார். "மழையில ஆத்துல தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு மணிக்கு மணி குறிச்சு வைக்கிறே. எல்லாத்தையும் கூட்டினா ஏறின தண்ணி தெரிஞ்சிடும். மழைக்கு முன்னாடி எவ்வளவு கிடந்துச்சு?"

"அது தெரியாதே டீச்சர்."

"அந்தத் தெரியாததுக்குத்தான் 'சி'ன்னு பேரு."

அம்சா ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பதினைந்து நாளில் சுவரில் இருந்த கேள்வி ஒவ்வொன்றும் தீர்ந்தது.

அம்மா விடாப்பிடியாக நின்றதில் அம்சாவும் பரீட்சை எழுதினாள். பத்துப் பேர் பாஸ். அம்சாவுக்குக் கரை கட்டும் படிப்பில் இடம் கிடைத்தது. தேறாதது ஒரு மான்குட்டி மட்டும். காய்ச்சல் நிஜம் என்று நம்பி, தொற்றிக்கொள்ளும் என்று அவன் அம்மா அனுப்பவே இல்லை.

பள்ளியில் விழா எடுத்து, நாரைக்குச் சால்வை போர்த்தினார்கள். பயிற்சிக்குப் பதினைந்து நாள் வராததற்காக டீச்சருக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த வருஷம் பயிற்சி இரண்டு பங்கு என்று உத்தரவும் வந்தது.

அடுத்த பிளஸ் டூ பிள்ளைகளின் அம்மாமார் அன்றைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். "தாயே, நம்ம டீச்சர் நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஆனா பரீட்சைக்கு முந்தி, தை மாசம் மட்டும் ஒரு மஞ்சள்காமாலை கொடு."

நீதி: ஆசிரியர் ஆரோக்கியமாக இருக்கும்வரை பிள்ளைகள் தேறுவது சிரமம்.