கருவேல மரத்துப் பெட்டி

எம்.ரெட்டியபட்டி,
செவ்வாய்க்கிழமை.

பாலவனத்தத்தில் வாழும் அன்பு மைத்துனர் ஜெயபாண்டிக்கு, உங்கள் அக்கா சந்தனம்மாளைக் கட்டிய வீரபாண்டி எழுதுவது. இங்கு நானும் அக்காவும் மாடு இரண்டும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விட்டதே இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு வெள்ளிக்கிழமை வரும்போது, கருவாட்டில் விஷம் தடவி எங்கள் கருவேலங்காட்டில் வைப்பதாகச் சொன்னீர்கள். நீங்கள் அக்காவுக்குச் சீராகக் கொடுத்த கோழியைக் காட்டுப்பூனை தூக்கியது உண்மைதான். பிறந்த வீட்டுச் சீரில் வாய் வைத்தால் உங்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? எனக்கும்தான் வந்தது. ஆனால் அதற்குள் காட்டுப்பூனைகளைக் கணக்கெடுக்கிற ஷெரின் என்ற பெண் வந்து, என்னிடம் கேட்டுக்கொண்டு, மரத்தில் ஒரு பச்சைப் பெட்டியைக் கட்டிவிட்டுப் போனது. எதிரே எது அசைந்தாலும் படம் பிடிக்கிற கேமராவாம். அந்தக் காடுதான் ஊருக்கே காலைக்கடன் கழிக்கிற இடம் என்பதை அந்தப் பிள்ளையிடம் நான் எந்த வாயால் சொல்ல? ஒரு வாரத்தில் இருநூறு படம். பூனை மூன்றில், மீதியெல்லாம் சொம்போடு நம் ஆட்கள். "மனுசங்க படத்தப் பாக்காமலே அழிச்சிருவேன் மாமா" என்று அது தலையைக் குனிந்துகொண்டே சொன்னது. விஷயம் கசிந்ததும் மறுநாள் காட்டுப்பக்கம் ஒரு ஆள் இல்லை. கட்டிய நாளிலிருந்து விறகுக்குப் பருத்திமார் அடுக்கி வைத்திருந்த வீட்டுக் கழிப்பறைகளை எல்லாம் அவரவர் காலி செய்தார்கள். நானும் செய்தேன்.

ஆள் நடமாட்டம் நின்றதும் பூனை தன் இரண்டு குட்டிகளையும் வெளியே கூட்டி வந்துவிட்டது. ஷெரின் காட்டிய படத்தில் பார்த்தோம். வாயில் எலி, ஒரு குட்டி வாலைப் பிடித்து இழுக்கிறது. நம் கம்பு வெள்ளாமையில் இந்த வருஷம் எலி ஏன் குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பூனையை அடிக்கத் தடி தேடியவன் நான், வெட்கமாக இருந்தது. உங்கள் அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ள பெத்தவ பசிச்சுத்தான தூக்கியிருக்கா. போகட்டும் விடுங்க."

ஆகவே கருவாடு வேண்டாம். குனிந்து வைத்தால் உங்கள் முகம் தெளிவாகப் படத்தில் விழும்; பூனை செத்தால் அந்தப் படத்தை மட்டும் ஷெரின் அழிக்காது. காட்டுப்பூனையைக் கொல்வது குற்றம், வனத்துறை வீடு தேடி வரும். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

முனீஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வெயில் கடுமை, தலையில் துண்டு போட்டுக்கொண்டு வாருங்கள். குலசாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
வீரபாண்டி

பின்குறிப்பு: எழுதி முடித்த பிறகு மனசு கேட்கவில்லை. ஷெரின் கேமராவைக் கழற்றித் திருச்சுழிப் பக்கம் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாளாகிறது. இப்போது மரத்தில் இருப்பது வெறும் டப்பா. பச்சைப் பெயிண்ட் அடித்து நான்தான் கட்டினேன். ஊருக்குத் தெரியாது, உங்கள் அக்காவுக்கும் தெரியாது. நீங்கள் விஷம் வைத்தால் யாரும் படம் பிடிக்கப் போவதில்லை. ஊரைப் பயம் காட்டி நிறுத்திவிட்டேன்; உங்களைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. அந்த டப்பா, போன தீபாவளிக்கு நீங்கள் அக்காவுக்குக் கொடுத்த டிபன் பாக்ஸ். அதுவும் உங்கள் சீர்தான், அந்தக் குட்டிகளுக்குக் காவலாகத் தொங்குகிறது. அதன் முன்னால் கருவாட்டை வைக்க உங்களுக்கு மனசு வந்தால் வையுங்கள்.