சும்மா பார்க்கும் -p

அன்று நசினுவில் நான் வேலை பார்த்த டைப்பிங் கடையில் இருந்தவர்கள்: என் அக்கா, அவள் புருஷன் (எனக்கு மாமா, பஸ் கராஜில் பதினெட்டு வருஷ மெக்கானிக்), டைப் அடிக்கும் மெரே, நான். முதலாளி வரவில்லை. அதற்குக் கடவுளுக்கு நன்றி.

எங்கள் தீவில் ஆட்சியைக் கவிழ்த்து ஊரடங்கு போட்டிருந்த வருஷம் அது. மாமாவுக்கு ஆக்லாந்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அவருடைய பதினெட்டு வருஷ வேலை விவரக் கடிதம், ஆறு பக்கம், அன்று மூன்று மணிக்குள் தலைநகர் சுவாவில் உள்ள விசா ஆபீசுக்குப் போயாக வேண்டும். தவறினால் வேலை இல்லை. அவர் மூன்று நாளாகச் சொல்லச் சொல்ல, நோட்டில் சுருக்கெழுத்தில் எடுத்து மெரே டைப் செய்திருந்தாள். அச்சடிக்கப் போனால், டிஸ்கில் இடமில்லை என்றது கம்ப்யூட்டர்.

ஃபார்ம் ஃபோரோடு, அதாவது பத்தாம் வகுப்போடு, படிப்பை விட்ட நான், அட்டை கிழிந்த புத்தகத்தை வைத்து C என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றவன். பழைய ஃபைல்களை அழிக்க ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். -d போட்டால் அழிக்கும். -p போட்டால் எதையெல்லாம் அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும். (வாழைப்பழம் உரிக்கும் முன்பே தோலை எங்கே போடுவது என்று கவலைப்படுகிறவன் நான். -p இல்லாமல் முடியுமா?) சும்மா பார்க்கத்தானே என்று கடிதம் இருந்த மொத்த ஃபோல்டரையும் கொடுத்து -p போட்டேன்.

பட்டியல் அழகாக வந்தது. ஃபோல்டர் காலி.

C-யில் கட்டளைகளைப் பிரித்து வைக்கும் switch-இல் ஒவ்வொரு case முடிவிலும் break போட வேண்டும். போடாவிட்டால் கட்டளை நிற்காமல் கீழே உள்ள case-க்குள் இறங்கிவிடும். -p-க்குக் கீழே நான் break போடவில்லை. அதற்கு அடுத்த வீடு -d. ஆபத்தானது என்று -d-யைப் பத்து தடவை சோதித்திருந்தேன். சாதுவான -p-யை ஒரு தடவைகூட இல்லை.

"என்னா ஆச்சி மச்சான்?" என்றார் மாமா.

"சும்மா பாத்தேன் மாமா."

"பாத்ததுக்கே பதினெட்டு வருசம் போயிடுச்சி. தொட்டிருந்தா நானும் போயிருப்பேன்."

அக்கா கடைக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். அது திட்டைவிட மோசம்.

மெரே நோட்டைப் பிரித்தாள். நீ மட்டும் கிட்டே வராதே என்று என்னிடம் எங்கள் ஊர் ஹிந்தியில் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் அடித்தாள். ஊரடங்கால் இரண்டு மணிக்கே கிளம்பிவிடும் கடைசி மினிபஸ்ஸை எனக்காகத் தவறவிட்டாள். டிஸ்கில் இப்போது இடம் தாராளமாக இருந்தது; கடிதம் உடனே அச்சானது. மாமா டாக்ஸி பிடித்து மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே போய்விட்டார்.

இன்று ஆக்லாந்தில் மாமாவுக்குச் சொந்த கராஜ். பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். நான் ஃபிரிட்ஜைத் திறந்து, சும்மா பார்க்கிறேன் என்றால் அக்கா பேரன்கள் கேக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

போன மாதம் கராஜின் போட்டோவை மெரேக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "சும்மா பார்த்தேன். போட்டோ அப்படியே இருக்கிறது."