ஹவுஸ் ஓனர் மாடியில் சால்சா

பொறாமைப்படுவதில் எங்கள் ஹவுஸ் ஓனரை மிஞ்ச, தி.நகரில் மட்டுமல்ல, திருவான்மியூர் வரைக்கும் தேடினாலும் ஆள் கிடைக்காது. மற்றவர்கள் பொறாமையை மனசுக்குள் வைத்துப் புழுங்குவார்கள். அவர் அதற்கென்று நாற்காலி போட்டு, நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, லீவே எடுக்காமல் பொறாமைப்பட்டார்.

அவர் எனக்கு ஹவுஸ் ஓனர் இல்லை. நான் இருப்பது மேற்கு மாம்பலம். பனகல் பார்க் பக்கத்துச் சந்து ஒன்றில் அவருக்குச் சொந்தமாக ஒரு கட்டடம். கீழே அவருடைய பாத்திரக்கடை, அதற்கு மேல் குடோன், அதற்கும் மேலே இருந்த ஹாலில் வாடகைக்கு ஒரு சால்சா நடன வகுப்பு, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுகிற வெளிநாட்டு ஆட்டம். வகுப்புக்கு வந்த எல்லோரும் அவரை ஹவுஸ் ஓனர் என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

எனக்கு எதற்கு சால்சா என்று கேட்பீர்கள். டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார். மாம்பலத்திலோ தி.நகரிலோ நடக்க எங்கே இடம் இருக்கிறது? சரி, ஆடலாம் என்று போனேன். மனைவியையும் கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க. வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு, பட்டவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜோடி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜோடியோடு போனாலும் பிரித்துவிடுவார்கள். பெண்கள் வட்டமாக நிற்பார்கள். மாஸ்டர் "சேஞ்ச்" என்று குரல் கொடுத்ததும் ஆண்கள் அடுத்த பெண்ணிடம் நகர வேண்டும். தரையைக் கவ்வுகிற ரப்பர் ஷூ வேண்டவே வேண்டாம், உடம்பு திரும்பிவிடும், முட்டி திரும்பாது. நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். மாற்றுச் சட்டை இல்லாமல் சென்னையில் இந்தக் காரியத்தில் இறங்காதீர்கள். குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று அடி, ஒரு நிறுத்தம். புதியவன் மாட்டிக்கொள்வது அந்த நிறுத்தத்தில்தான். நிற்கத் தெரியாமல் எதிரே இருப்பவர் காலை மிதிப்பான். இதெல்லாம் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். ஹவுஸ் ஓனரின் மனைவி வந்து வகுப்பில் சேர்ந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவருக்கே தெரியவில்லை.

அக்கா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த அம்மா முதலில் சண்டை போடத்தான் மேலே வந்தார்.

"நீங்க இங்க குதிக்கிய, கீழ அண்டா குண்டானெல்லாம் ரேக்குல இருந்து இறங்கி வருது. கடைக்கு வந்தவங்க பூகம்பம்னு ஓடுதாங்க."

சொல்லிவிட்டுப் போகாமல் கதவோரம் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த வகுப்புக்கு சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாக ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் ஹவுஸ் ஓனர் வந்த பிறகு, என் எரிச்சலெல்லாம் கணக்கிலேயே சேராது என்று தெரிந்துபோயிற்று.

அவர் கையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. ஹாலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"சார், ஓரமா உக்காருங்க, ஆடுறவங்க இடிச்சுப்பாங்க" என்றார் மாஸ்டர்.

"இடிக்காம ஆடுங்க. அதுக்குத்தான நான் வந்துருக்கேன்" என்றார் ஹவுஸ் ஓனர்.

ஆண் தன் வலது கையைப் பெண்ணின் முதுகில் வைக்க வேண்டும் என்ற பாடம் வந்த அன்று, அவர் இறங்கிப் போய்க் கடையிலிருந்து நீளமான எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்றார்.

மாஸ்டர் பொறுமைசாலி. "சார், எந்தப் பக்கம் திரும்பணும்னு கை வழியாத்தான் சிக்னல் போகும்."

"கரண்டி வழியாவும் போவும்லா? எவர்சில்வர்தான?"

அன்று நான் அக்காவோடு கரண்டி பிடித்து ஆடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிக்னல் போகவில்லை. காம்புதான் என் விலாவில் இறங்கியது.

அவருக்கு எங்கள் யாரைப் பற்றியும் பெரிய பயம் இல்லை. என்னைப் பார்த்தால் யாருக்கும் வராது. அவர் பயந்தது ஒரே ஒருவனுக்கு. அடையாறிலிருந்து வருகிற ஓர் இளைஞன். ஆறடி உயரம், சுருள் முடி, படியேறும்போதே அவன் போட்ட சென்ட் மேலே வந்து சேர்ந்துவிடும். சென்ட் தம்பி என்றே பெயர் வைத்திருந்தோம். அவன் ஆடிக்கொண்டே ஏதாவது சொல்வான். அக்கா வாய்விட்டுச் சிரிப்பார். கீழே பாத்திரக்கடை வரை கேட்கிற சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பு முதலில் கேட்ட வாரத்திலிருந்து ஓர் அதிசயம் நடக்கத் தொடங்கியது. வரிசைப்படி சென்ட் தம்பி அக்காவிடம் போய்ச் சேரும்போதெல்லாம் கரண்டு போகும். அடுத்த ஆள் வந்ததும் கரண்டு வரும். நான் ஜன்னல் வழியாக எட்டி, எதிர் டீக்கடைக்காரரிடம் "ஏரியா முழுக்கப் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஏரியாவுல எல்லாம் கீது சார். உங்க மாடிலதான் இல்ல. உங்க ஓனர் மெயினுகிட்டதான் நின்னுக்கினு கீறாரு, கேட்டுப் பாரு" என்றார் அவர்.

மாஸ்டர் காதிலும் அது விழுந்தது. அடுத்த வகுப்புக்கு, சார்ஜ் போட்ட ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். சென்ட் தம்பி அக்காவிடம் போனான், கரண்டு போனது, பாட்டு நிற்கவில்லை. கும்மிருட்டில் எல்லோரும் ஆடினோம். இருட்டுக்குள் அக்காவின் சிரிப்பு கேட்டது.

மாஸ்டரின் சேஞ்சுகளை எண்ணிக்கொண்டு கீழே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்திருக்கிறது. மனைவியை அந்தப் பையனோடு இருட்டில் விட்டதே அவர்தான். படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. மேலே வந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சுவிட்ச் கீழே இருப்பது ஞாபகம் வந்து மறுபடி கீழே ஓடினார். விளக்கு வந்தது. திரும்ப மேலே ஓடிவந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். வேட்டி ஒரு கையில் இருந்தது.

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "இன்னொரு தடவ மெயின தொட்டிய, நான் அடையாறுல போய் கிளாஸ் சேந்துருவேன். அங்க எந்தச் சுவிட்ச அணைப்பியன்னு பாக்கேன்."

வகுப்பு முடிந்து இறங்கும்போது ஹவுஸ் ஓனர் குடோன் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், நெசத்தச் சொல்லுங்க. அந்தப் பையன் அப்படி என்னதான் சொல்லுதான்? கல்யாணமான நாள்ல இருந்து கடையில என் பக்கத்துலதான் நிக்கா. ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருப்பாளா?"

அவன் சொல்வதெல்லாம் படு அறுவையான ஜோக் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? "நீங்களும் சேந்து ஆடுங்களேன்" என்றேன்.

சேர்ந்தார். வேட்டிக்குப் பதில் மகனுடைய டிராக் பேன்ட். மற்ற பெண்களின் கையை, அடுப்பிலிருந்து பாலை இறக்குகிறவர் மாதிரி விரல் நுனியில் தொட்டார். ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் மிதித்தார். அக்காவிடம் வந்து சேர்ந்ததும் ஆளே மாறிவிட்டார். மாஸ்டர் "சேஞ்ச்" என்றார். ஹவுஸ் ஓனர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் நாங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி தேங்கி நின்றோம்.

"சார், ரூல்னா ரூல்தான்."

"தம்பி, அடுத்த வருசம் வாடகைய ஏத்தல. இவள மட்டும் மாத்தச் சொல்லாத."

அக்காவே அவர் கையை உதறி அடுத்த பெண்ணிடம் தள்ளிவிட்டார். சிரிக்கவில்லை.

மாதக் கடைசியில் ஒரு விருந்து மாதிரி வைப்பார்கள். அன்று வட்டமும் கிடையாது, சேஞ்சும் கிடையாது. யார் வேண்டுமானாலும் யாரையும் ஆட அழைக்கலாம். வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்வது அழைக்கப்பட்டவர் இஷ்டம். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் ஹவுஸ் ஓனருடையது. அக்காவிடம் "வர்றியா?" என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பாட்டு தொடங்கியதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்தப் பக்கத்திலிருந்து சென்ட் தம்பியும் அக்காவை நோக்கி நடந்தான். இவர் ஹாலின் நடுவுக்கு வருவதற்குள் அவன் போய்க் கையை நீட்டிவிட்டான்.

கரண்டு போனது.

"நான் இல்ல" என்று இருட்டில் அவர் குரல் கேட்டது. "ஏ, சத்தியமா நான் இல்ல. நான் இங்கதான் நிக்கேன்."

வெளியே தெருவே இருண்டிருந்தது. இந்த முறை நிஜமாகவே ஏரியா முழுக்கப் போயிருந்தது. ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு கேட்டது. நிற்கவே நிற்காத சிரிப்பு. நாங்கள் எல்லோரும் பாவம் ஹவுஸ் ஓனர் என்று நினைத்துக்கொண்டோம்.

விளக்கு வந்தபோது சென்ட் தம்பி சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஹாலின் நடுவில் அக்கா, ஹவுஸ் ஓனரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்காமல் அக்காவின் காலை மிதித்துக்கொண்டிருந்தார். கீழே அண்டா குண்டானெல்லாம் அதிர்ந்தன. அன்று கடையைப் பற்றி இருவரும் கவலைப்படவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இன்னைக்கு நாலஞ்சு பொண்ணுங்களோட ஆடினேன்" என்றேன்.

"கொத்தமல்லி எங்க?" என்றாள்.

அந்த நிமிஷம் அந்த மனிதர்மேலும் அக்காமேலும் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதை ஹவுஸ் ஓனரே பாராட்டியிருப்பார்.

பிறகு என் முட்டி மக்கர் செய்ய, வகுப்பை விட்டுவிட்டேன். இப்போதும் எங்கள் வீட்டில் கரண்டு போனால், மெழுகுவர்த்தியைத் தேடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மாடிப்படியில் அவர் மூச்சிரைக்க ஓடிவருகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும்.