வஜ்ரம் ஒட்டிவைத்த சொல்தா

எங்கள் தெருவில் எது காணாமல் போனாலும் யாரும் போலீசுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. நேராக வஜ்ரம் வீட்டுச் சுவருக்குத்தான் போவோம். தொலைந்த சாமான் அங்கே ஒரு பலகையில், உடம்பெல்லாம் சாயம் பூசிக்கொண்டு, கலைப்படைப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் கிளார்க்காக இருந்துகொண்டு முத்தியால்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்த காலம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எதிர்வீட்டு ஓவியருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஆசாரிகள் மரத்தை ஒட்டக் காய்ச்சும் வஜ்ரப் பசையை நாள் முழுக்க அடுப்பில் வைத்திருப்பார். அதனால் வஜ்ரம். அந்த நாற்றத்தை வர்ணித்தால் நீங்கள் பத்திரிகையைத் தூர வைத்துவிடுவீர்கள். போதாததற்கு, ஞாயிறுதோறும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் ஒரு கோணி மீன் செதில் அள்ளிவருவார். அதைக் கழுவிக் காயவைத்துப் படத்தில் பதிப்பார். முத்தியால்பேட்டைப் பூனைகள் அத்தனையும் அவருடைய ரசிகர்கள்.

அவரைத் திருடர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "வாசப்படிக்கு வெளிய கெடந்தா அது தெருவோட பொருளு" என்பது அவர் சட்டம். உள்ளே தங்கக் கட்டியே கிடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒருமுறை உடைந்து விழுந்த என் ஸ்கூட்டர் கண்ணாடி அவர் சுவரில் இருந்தது. சண்டை போடத்தான் போனேன்.

"இது என்னுதுண்ணே."

"தெரியும் தம்பி. இதுக்குப் பேரு 'பின்னால் வருபவை'. தெனம் காலைல வண்டில குந்திக்கினு இதுல தலை வாருவ. பின்னால வர்றவன ஒருநாளாச்சும் பாத்திருக்கியா? அதான் இந்தப் படம் தோணிச்சி."

வீட்டுக்குத் திரும்பி வந்து, சீப்பை ஒளித்துவைத்தேன்.

என் கதையாவது தேவலை. தையல்கடைக் காதர் பாய், ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஒரு டீச்சரம்மாவிடம், "துணில சாயம் நிக்கலம்மா, கடைக்கே திருப்பிட்டேன்" என்று சத்தியம் செய்திருந்தார். அந்த ரோஸ் ஜாக்கெட் வஜ்ரத்தின் படத்தில் பறவையாக இருந்தது. பார்க்க வந்த டீச்சரம்மா ஆடிப்போய்விட்டார். வஜ்ரம் மிகுந்த மரியாதையோடு விளக்கினார்: "ரெண்டு கையும் எடது கையா வெட்டியிருந்திச்சிம்மா. ரெண்டு றெக்கையும் ஒரே பக்கம். இது பறக்கத் தெரியாத பறவைன்னு அப்பவே புரிஞ்சிபோச்சி. பாய் கடை குப்பைலதான் எடுத்தேன்."

பாய் இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

வஜ்ரத்தின் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; நேரில் கூப்பிடும்போது பிரெஞ்சு மரியாதையாக 'முசே'. பசை நாற்றத்தைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுதிப்போட்டுவிட்டு, ஒரு வருடமாக வஜ்ரத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. "அவன்" என்றுதான் குறிப்பிடுவார்.

சொல்தாக்களுக்கு வருடா வருடம் பிரான்சிலிருந்து ஒரு படிவம் வரும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று இங்கே ஓர் அதிகாரி முத்திரை குத்தித் தரவேண்டும். அது திரும்பிப் போகாவிட்டால் பிரான்சைப் பொறுத்தவரை ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று, பென்ஷன் நின்றுவிடும். அந்த வருடம் முத்திரை குத்திய படிவத்தைக் காணவில்லை. வேறு படிவம் எழுதிக் கேட்டால் வந்துசேர மாதங்கள் ஆகும். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால்தான் உயிர். மனிதர் பத்து நாளாக வீட்டைக் கவிழ்த்துத் தேடினார்.

"வஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன் முசே" என்றேன்.

"இது பட்டாளத்து வூடு. எங்க வூட்டுக் காயிதம் வாசல் தாண்டாது" என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான், கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு அம்மாள் நடத்திய கூடத்தில் வஜ்ரத்தின் முதல் கண்காட்சி. ஒவ்வொரு படமும் எப்படித் தோன்றியது என்று அவர் வந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். பிரெஞ்சில் மாற்றிச் சொல்ல ஆள்? வஜ்ரம் சொல்தா வீட்டு வாசலில் போய் நின்றார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலைத் தவிர மெடல் குத்திக்கொள்ள வாய்ப்பே வராத மனிதர், இரண்டு நிமிடம் முறைத்துவிட்டு, கோட்டை இஸ்திரிக்குப் போட்டார்.

தெருவே திரண்டு போனோம். வஜ்ரம் சொல்லச் சொல்ல, சொல்தா நெஞ்சை நிமிர்த்தி பிரெஞ்சில் முழங்கினார். கடைசிப் படம்தான் பெரிது. செதில்களால் ஆன ஒரு மனித உருவம். நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் அதையே சுற்றிச் சுற்றி வந்து, விலைக்கு வேண்டும் என்றார். இருபது வருடத்தில் வஜ்ரத்திடம் விலைக்குக் கேட்கப்பட்ட முதல் படம்.

"இதுக்கு நெஞ்சுல இருக்குதே, இந்தக் காயிதம்" என்று ஆரம்பித்தார் வஜ்ரம், "நம்ம தெருவுல காத்துல பறந்து சாக்கடையோரம் வந்து வுழுந்திச்சி. ஒரே காப்பிக் கறை. என்னா எழுதியிருக்குதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா முத்திரைய அவ்ளோ அழுத்தமா குத்தியிருந்திச்சி. ஒரு மனுசனுக்கோசரம் எவனோ சத்தியம் பண்ணின மாதிரி. அதச் சுத்தித்தான் இந்த ஆள ஒட்டுனேன்."

சொல்தா பாதி வாக்கியத்தை பிரெஞ்சில் சொன்னார். மீதி வரவில்லை. படத்தின் நெஞ்சில் தன் பெயரை அப்போதுதான் படித்தார்.

கூட்டத்திலிருந்து சொல்தாவின் மனைவி முன்னால் வந்தார்: "நாந்தாங்க காப்பியக் கொட்டிட்டேன். காயட்டும்னு மதில்மேல வச்சேன். பயத்துல சொல்லல."

"யோவ்," என்றார் சொல்தா. "அது என் உயிருய்யா."

வஜ்ரம் ஒருமுறை காகிதத்தைப் பார்த்தார். ஒருமுறை அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார். அப்புறம், வந்தவர்களுக்கு டீ போட வைத்திருந்த கெட்டிலைக் கேட்டு வாங்கி, படத்தைக் கழற்றிக் கீழே வைத்து, காகிதத்தின் ஓரத்தில் ஆவி காட்ட ஆரம்பித்தார். அந்த பிரெஞ்சு அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் குனிந்து, "வேற வழி பாப்போம்ண்ணே" என்றேன்.

"சூடு பட்டா வஜ்ரம் எளகிடும் தம்பி. நேரமாவாது."

"கடைல விக்கிற வெள்ளைப் பசைன்னா என்னா ஆயிருக்கும்!"

"அது ஒட்டினா ஒட்டினதுதான். நாளைக்கு யாராச்சும் அவங்க பொருளக் கேட்டு வந்தா எதை எடுத்துக் குடுக்கறது?"

இந்த நாற்றம் முழுக்க எங்களுக்காகத்தானா? திருப்பிக் கொடு என்று நாங்கள் ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் சொன்ன விளக்கத்தில் மிரண்டு திரும்பியதோடு சரி.

காகிதம் கிழியாமல் வந்தது, இரண்டு செதிலும் கொஞ்சம் நாற்றமுமாக. முத்திரை அப்படியே இருந்தது. நெஞ்சில் ஓட்டை விழுந்த படத்தை அந்த நெட்டையர் வாங்கவில்லை. வஜ்ரம் அதைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் மட்டும் மீதி மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார்கள். சொல்தா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, விறைப்பாக நின்று, பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை அவரைத் தபாலாபீசுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனது நான்தான். பென்ஷன் நிற்கவில்லை. திரும்பி வரும்போது கேட்டேன்: "அன்னிக்குக் கடைசியா என்னா சொன்னீங்க முசே?"

"படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலப்பா. இவரு எங்க பக்கத்து வூட்டுக்காரருன்னு சொன்னேன்."

ஆறு வருடம் நானும் வஜ்ரத்துக்கு எதிர்வீட்டுக்காரனாக இருந்தேன். ஒருநாளும் அதை ஒருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.