ஓய்வறைத் திறப்பும் ஒத்துழைப்புத் தொகையும்

நாகரிகத்தின் உச்சம் எது என்று அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அலைய வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் கிடங்குக்கு வந்திருந்தால் போதும். சரக்கு அனுப்புகிறவருடையது, அல்லது வாங்குகிறவருடையது. ஓட்டி வருகிறவனுக்கு அதில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. ஆகவே அதை இறக்கும் கூலியை அவன்தான் தர வேண்டும் என்ற மகத்தான நீதி அங்கேதான் உதித்தது.

அந்த நீதியின் வாசலில் ஒரு காலையில் லாரியை நிறுத்தினார் ஓட்டுநர். குடலிறக்கத்துக்குத் தையல் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரிக்குத் தவணை கட்ட வேண்டியிருந்ததால் வீட்டில் படுத்திருக்க வழியில்லை. அவர் எதையும் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள மனைவியும் கூடவே வந்திருந்தாள்.

லாரி நிறைய இரும்புக் கட்டில்கள். களைத்து வரும் ஓட்டுநர்கள் படுத்து எழுவதற்காக கிடங்கு நிறுவனம் அந்த வளாகத்திலேயே கருணையோடு கட்டியிருந்த 'ஓட்டுநர் ஓய்வறை'க்கானவை. அன்று மதியம் திறப்பு விழா.

மேற்பார்வையாளர் வந்தார். "பணம் கட்டிட்டீங்களா?"

"எதுக்கு சார்?"

"இறக்குறதுக்கு."

"அத நீங்க பார்த்துக்குவீங்கன்னு ஏத்துன இடத்துல சொன்னாங்களே."

"அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. டிரைவர்கிட்ட கூலி வாங்கக் கூடாதுன்னு நாங்களே போர்டு வச்சிருக்கோம், பாருங்க."

போர்டு இருந்தது. பெரியதாகவே இருந்தது.

"அப்புறம் என்ன சார்?"

"அதனாலதான் கூலின்னு வாங்குறதில்ல. 'ஒத்துழைப்புத் தொகை'. நீங்களா விரும்பித் தரணும்."

"விரும்பலைன்னா?"

"விரும்புற வரைக்கும் வண்டி இங்கேயே நிக்கலாம். எங்களுக்கு அவசரமில்ல."

"கையில டீசலுக்குத்தான் சார் இருக்கு."

மேற்பார்வையாளர் மனமிளகினார். "சரி, நீங்களே இறக்கிக்குங்க. இங்க முழு சுதந்திரம் உண்டு."

சுவரோரம் சுமைதூக்குகிறவர்கள் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஓட்டுநரின் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "எங்க கைக்கு வர்றது கொஞ்சம்தாம்மா. மிச்சமெல்லாம் உள்ள போகுது. இப்ப நாங்க கை வச்சா நாளைக்கு வேலை இருக்காது."

ஓட்டுநர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிவிட்டாள்.

"நீங்க மேல நின்னு தள்ளி மட்டும் விடுங்க. இழுக்கிறது என் பாடு."

பாதி இறங்கியபோது ஒரு கட்டில் அவள் மேல் சரிந்தது. ஓட்டுநர் டாக்டரை மறந்து குனிந்து பிடித்தார். அடிவயிற்றில் சுருக்கென்றது. பிடித்த பிடியை விடாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும். மீதிக் கட்டில்களை அவளே இழுத்துப் போட்டாள்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். "இனி பாதி கட்டினா போதும்."

"இறக்குனது நாங்கதானே" என்றாள் மனைவி.

"ஆமாம்மா. ஆனா எங்க ஆளுங்க இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்காங்களே."

"பார்த்ததுக்குக் கூலின்னா, அவங்க சும்மா உட்கார்ந்திருந்ததை நாங்களும்தான் பார்த்தோம். கழிச்சுக்குங்க."

மேற்பார்வையாளர் இதை ஆழ்ந்து பரிசீலித்தார். வாதத்தில் நியாயம் இருப்பதாகவும், நியாயத்துக்கு மேலிடத்தின் அனுமதி தேவை என்றும் தெரிவித்தார்.

மேலிடம் அப்போது படமெடுப்பவரோடு காரில் வந்திறங்கியது. ஓய்வறையைத் திறக்க ஓர் ஓட்டுநர் வேண்டும் என்றார் மேலாளர். புதுத் தரை அழுக்காகிவிடும் என்று மற்ற ஓட்டுநர்களையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கைக்கெட்டியவர் இவர்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் படுக்க வைத்தார்கள். வயிற்றைப் பிடித்தபடி அவர் கண்ணை மூடினார். களைப்பு மிக இயல்பாக வந்திருக்கிறது என்று படமெடுப்பவர் பாராட்டினார். படம் எடுத்து முடிந்ததும் எழுப்பி மேடையேற்றினார்கள். கட்டிலில் கிடந்ததே அரை நிமிடம்தான்.

மேலாளர் ஒலிபெருக்கியில் உருகினார்: "ஓட்டுநர்கள் வெறும் தொழிலாளர்கள் அல்ல. நம் நிறுவனமே அவர்கள் தோள்மீதுதான் உட்கார்ந்திருக்கிறது."

கைதட்டல் எழுந்தது. ஓட்டுநர் மட்டும் தட்டவில்லை. ஒரு கை வயிற்றில் இருந்தது.

"நீங்களும் நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க" என்று ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினார் மேலாளர்.

ஓட்டுநர் கீழே நின்ற மனைவியைப் பார்த்தார். உள்ளங்கையில் இரும்பு கீறிய இடத்தை அவள் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"சார் சொன்னது சத்தியமான வார்த்தை" என்றார் ஓட்டுநர். "எங்க தோள்லதான் உட்கார்ந்திருக்கீங்க."

மேலாளர் பெருமிதத்தோடு தலையாட்டினார்.

"இறங்குறதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க சார். அந்தக் கூலியை மட்டும் நான் விரும்பியே கட்டிடறேன்."