டெலீட் பொத்தானைத் தட்டுகிறவர்

ஊருக்குள் ஓர் இனம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அதை அணைத்து, திரும்பப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்பே டெலீட் பொத்தானைப் படபடவென்று தட்டி, நீலத் திரையாக விரியும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற இனம். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? பயாஸ். பாட்டு கேட்கவில்லையா? பயாஸ். நல்லவேளை, தலைவலிக்கு இவர்களிடம் யாரும் போவதில்லை.

வில்லாபுரம் கிரிதரன் இந்த இனத்தில் முதல் தரம். வாரம் முழுக்க விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிறத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டர். 2003இல் ஒரு ஞாயிறு காலை, பக்கத்துத் தெரு தமிழ்வாணி கூப்பிட்டாள். பசுமலையில் கல்லூரி, கடைசி வருடம். தொண்ணூறு பக்க ப்ராஜெக்டை மறுநாள் பத்து மணிக்குள் அச்செடுத்துக் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். பிரிண்டரோ அசையவில்லை.

“பிரிண்டர் கெடக்கட்டும் பாப்பா, உள்ள போயிப் பாத்துருவோம்” என்றார் கிரிதரன்.

“அண்ணே, பிரிண்டரு வெளியதான இருக்கு?”

அவர் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். டெலீட்டைத் தட்டினார். நீலத் திரை வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து, “இங்க மவுஸு செல்லாது” என்றார், ஏதோ அவர்தான் தடை போட்டவர் மாதிரி. அம்புக்குறிப் பொத்தான்களால் மேலும் கீழும் போய்வந்தவருக்கு ஓரிடத்தில் மனம் பதறியது. மொத்த மெமரி நூற்றிருபத்தெட்டு எம்.பி.; அதில் திரையில் படம் காட்டுவதற்கு ஒதுக்கியிருந்தது வெறும் எட்டு.

“எட்டா? இம்புட்டூண்டு குடுத்தா அது எப்பிடிம்மா பொழைக்கும்?”

அறுபத்து நாலாக்கினார். மற்ற வேலைக்கெல்லாம் இனி பாதி மெமரிதான் என்பது அவர் கவலையில்லை. அடுத்து, கண் மெமரியின் வேகத்தில் விழுந்தது. ‘ஆட்டோ’ என்றிருந்தது. “ஆட்டோவுல விட்டா சோம்பேறியாப் போயிரும்” என்று அதை உச்சத்துக்கு ஏற்றினார். சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தார்.

திரை இருண்டது. பெட்டிக்குள்ளிருந்து ‘பீ... பீ...’ என்று நீளமாகச் சத்தம்.

“என்னண்ணே, இப்பிடிக் கத்துது?”

“மதர்போர்டு பேசுது பாப்பா. பேசி முடிக்கட்டும்.”

அது முடிப்பதாயில்லை. டெலீட்டைத் தட்டினார், தட்டத் தட்ட அதுவும் கத்தியது. உள்ளே போகத்தான் அவருக்குத் தெரியும். திரையே வராவிட்டால் எதற்குள் போவது? ஒரு பெண்ணின் வருடத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நிஜமாகவே வருந்தினார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பழக்கதோஷம், “மட்டமான போர்டும்மா” என்று வந்தது.

தமிழ்வாணி அழவில்லை. கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிளறி, போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்தாள். இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் கிரிதரன் அதைப் பிரித்ததில்லை. அவள் பிரித்துப் படித்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, போர்டில் இருந்த வட்டப் பேட்டரியைக் கழற்றி, கால் மணி நேரம் பொறுத்து மாட்டினாள். கிரிதரன் செய்த திருத்தமெல்லாம் அழிந்து, பழைய எட்டு எம்.பி.யோடு விண்டோஸ் வந்தது. பிறகு பிரிண்டரின் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். கேபிள் தொளதொளவென்று கிடந்தது. அழுத்தினாள். முதல் பக்கம் வந்து விழுந்தது.

“பாத்தியா! உள்ள போயி ஒரு தட்டு தட்டவும்தான் வழிக்கு வந்துச்சு.”

“காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே” என்றாள் தமிழ்வாணி, விசைப்பலகையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

மறுநாள் கடையில் அவர் பேச்சு இப்படி: “ஒரு போர்டு செத்தே போச்சு மாப்ள. பேட்டரியக் கழட்டி உசுரு குடுத்துட்டு வாரேன்.”

உங்களுக்கும் இப்படி இரண்டு மூன்று பேர் நினைவுக்கு வந்திருப்பார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால், போன வாரம் மிக்ஸி ஓடவில்லை என்று வீட்டில் சொன்ன உடனே, “ஸ்க்ரூ டிரைவர் எங்கே?” என்று சத்தம் போட்டது யார்? பிளக் சொருகியிருந்ததா என்று பார்த்தீர்களா?