கைலாயத்துக்கு எஸ்.டி.டி. சார்ஜ்

பெயர் செழியன். வயது இருபத்து நான்கு. இருப்பு பெங்களூரில், நான்கு பேர் படுக்கும் ஓர் அறையில். பிழைப்பு, கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுவது. அதுவும் எந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்களோ என்று பயந்துகொண்டே எழுதுவது. அப்பேர்ப்பட்டவன் 2002-இல் ஒரு பௌர்ணமிக்கு லீவு போட்டுத் திருவண்ணாமலை பஸ் ஏறினான் என்றால், காரணம் கிரிவலம் அல்ல. தங்கை எழிலரசி.

அவளுக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். பணமும் இருந்தது. ஆனால் அம்மா பச்சையம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, அடி அண்ணாமலையில் 'கம்ப்யூட்டர் சித்தர்' வாசலில் நின்றாள்.

வாசலா அது? தேர்த் திருவிழா! மலையைச் சுற்ற வந்த கூட்டத்தில் பாதி அங்கேதான் மொய்த்தது. சித்தரின் பழைய பெயர் ராஜமாணிக்கம். பழைய தொழில் கேசட் கடை. இப்போது அவருக்கும் பட்டை விபூதி, மானிட்டருக்கும் பட்டை விபூதி. டவுன் பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய், அது அமெரிக்காவுக்கு. சித்தரிடம் ஐந்நூறு, இது கைலாயத்துக்கு.

"தூரம் ஜாஸ்திம்மா. எஸ்.டி.டி. சார்ஜ் ஆவுதில்ல?" என்பார்.

பேரும் நட்சத்திரமும் தட்டியதும் பெட்டியிலிருந்து "கீ... கர்ர்... பீங்..." என்று ஓர் அலறல் கிளம்பும். போன் லைனில் இன்டர்நெட் பிடிக்கும்போது மோடம் போடுகிற இரைச்சல்தான். கூட்டம் அதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நந்தி பேசுகிறதாம்!

எழிலரசிக்கு நந்தி சொன்னது இது: வேலூர் போனால் கண்டம். சீட்டுப் பணத்தைப் பரிகாரத்துக்குக் கட்டு.

"யம்மா, நாம சொல்லிக் குடுத்ததுதாம்மா கம்ப்யூட்டருக்குத் தெரியும். இந்தாளு எழுதி வெச்சத அது காட்டுது. வாம்மா வூட்டுக்கு" என்றான், பஸ்ஸிலிருந்து நேராக அங்கே வந்திருந்த செழியன்.

"போடா! ஒனக்குச் சோறு போடறதே அதானே? அப்ப நீயும் பொய்தான் எழுதறியா?"

மகன் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான், ஆகவே கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. இந்தத் தர்க்கத்தை எந்தக் கல்லூரியிலும் செழியனுக்குச் சொல்லித்தரவில்லை.

எழிலரசியின் கண் அம்மாவின் முந்தானை முடிச்சிலேயே இருந்தது.

அடுத்த பக்தருக்காகச் சித்தர் கண்ணை மூடி ஜபிக்கத் தொடங்கினார். செழியன் மேசைக்குப் பின்னால் போய், சுவரிலிருந்து வந்த போன் ஒயரை உருவினான். நுனியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான். சித்தர் கண்ணைத் திறக்காமலேயே பொத்தானை அமுக்கினார்.

"கீ... கர்ர்... பீங்..."

கூட்டம் ஒயரைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது.

"இன்னா தம்பி அது?" என்றாள் வரிசையில் நின்ற காசியம்மாள்.

"போன் லைனுதான்க்கா. புடுங்கிட்டேன். லைன் இல்லாம எங்க பேசறது? சத்தத்த மட்டும் முன்னாடியே ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காரு."

சித்தர் கண் திறந்தார். அசரவில்லை. "கைலாயத்துக்கு ஒயர் எதுக்குடா, மூடனே? எல்லாம் அருள்!"

பாதிக் கூட்டம் மறுபடி கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனது. பச்சையம்மாள் கை மட்டும் இடுப்புக்குப் போனது.

"ஒயரே வாணாம்னா, எஸ்.டி.டி. சார்ஜு இன்னாத்துக்குய்யா வாங்கின?"

சித்தர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "குடுய்யா துட்ட!" என்று கூட்டம் மேசையைச் சுற்றி வளைத்தபோது சித்தர் பின்வாசல் வழியே ஓடிக்கொண்டிருந்தார், கிரிவலத்துக்கு எதிர்த்திசையில்.

பச்சையம்மாள் முடிச்சை அவிழ்த்து எழிலரசி கையில் வைத்தாள். "நல்லாப் படி. எவன் கிட்டயும் ஏமாறாத, என்ன மாதிரி."

அதே இடத்தில் இப்போது ஒரு செல்போன் சித்தர் இறங்கியிருப்பதாகக் கேள்வி. ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: காசை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்க இன்னும் யாரும் கட்டணம் வைக்கவில்லை.